பைப் ஆறும் வரை

இன்னும் தொட முடியாது. விரலைப் பக்கத்தில் கொண்டுபோகும்போதே சூடு முன்னால் வந்து நிற்கிறது. பானட்டைத் திறந்தபோது முகத்தில் அடித்த அனல் இப்போது இல்லை, ஆனால் இஞ்சின் புகை போகும் பைப் ஆறவில்லை, இரும்பு ஆறுவதற்கு அதற்கென்று ஒரு நேரம் வேண்டும், ஊதினால் ஆறாது, தண்ணீர் ஊற்றினால் விரிசல் விட்டாலும் விடும், சும்மா உட்கார வேண்டும், சும்மா உட்காரத்தான் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பட்டறையில் நானும் இந்த வண்டியும்தான், வெளியே வேப்பமர நிழலில் பழைய பஸ் சீட்டில் வண்டியின் டிரைவர் ஆரோக்கியண்ணா. டிங் என்று ஒரு சத்தம், கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிங். சூடான இரும்பு சுருங்கும்போது அப்படித்தான் சத்தம் வரும், வேறொன்றுமில்லை, இருந்தாலும் ஒவ்வொரு டிங்குக்கும் யாரோ விரல் மடக்கிக் கதவைத் தட்டுவது போல நிமிர்ந்து பார்க்கிறேன். காலையில் மச்சான், அக்காவின் வீட்டுக்காரர், போனில் சொன்னார், "ஆரோக்கியத்துகிட்ட வண்டியக் குடுத்து அனுப்பறேன் மாப்ள. ஒருக்கா நல்லாப் பாத்துரு. வண்டியில ஒண்ணும் இல்லைன்னா சாவிய வாங்கி வெச்சுட்டு அவனைப் பஸ்ல போகச் சொல்லிரு. இத்தனை வருசம் ஓட்டுனவன், என்ற வாயால சொல்ல எனக்கு வருத்தமா இருக்குது." வருத்தமாக இருக்கிறதாம், அதனால் என் வாயால் சொல்ல வேண்டுமாம். பெட்ரோல் திருடுகிறார் என்று ஆரோக்கியண்ணா மேல் சந்தேகம். அந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. சோமனூரிலிருந்து தன் வேலையைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்தி, கண்ணாடியையும் துடைத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார்.

ஒழுங்காக யோசிப்போம். வண்டிக்கு என்ன செய்கிறது? இழுவை இல்லை. மேட்டில் திணறுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் போகிறது. டேஷ்போர்டில் மஞ்சள் லைட் வந்து வந்து போகிறது. மைலேஜில் கால்வாசி போய்விட்டது. இப்போது கழற்றிப் பார்த்த பிளக் நான்கும் அடுப்புக்கரி பூசியது போல இருக்கின்றன, அப்படியென்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எப்போதிலிருந்து? ஹெட்டர் மாட்டியதிலிருந்து. இஞ்சின் புகையை வெளியே விடும் பழைய மேனிஃபோல்டு கனமான வார்ப்பு இரும்பு, அதைக் கழற்றிவிட்டு நான்தான் இந்த நீளமான நாலு பைப் ஹெட்டரை மாட்டினேன், புகை தடையில்லாமல் வெளியே போகும் மச்சான், வண்டி பறக்கும், சத்தமும் கம்பீரமாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன், அவராக வேண்டுமென்று கேட்கவே இல்லை. சரி, காரணம் என்னவாக இருக்கலாம்? புகையில் காற்றை அளக்கிற சென்சாராக இருக்கலாம். சென்சார் ஒயர் பைப்பில் பட்டு உருகியிருக்கலாம். இல்லை, டார்ச் அடித்துப் பார்த்தாயிற்று, ஒயர் நன்றாக இருக்கிறது. ஏதாவது ரப்பர் வேக்கம் ஹோஸ் கழன்றிருக்கலாம். எல்லாம் மாட்டித்தான் இருக்கிறது. பைப்புக்கும் இஞ்சினுக்கும் நடுவில் வைக்கிற கேஸ்கெட்டாக இருக்கலாம். கேஸ்கெட் புதிது, நானே பிரித்து வைத்தது. புதிதாக இருந்தால் மட்டும் போதுமா, அதை அழுத்திப் பிடிக்கிற நட்டு. இங்கே வந்ததும் எண்ணம் வழுக்கி மறுபடியும் சென்சாருக்குப் போய்விடுகிறது. மூன்றாவது தடவையாக ஒயரைப் பார்க்கிறேன்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ராகு காலம் பிறப்பதற்குள் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட வேண்டும் என்று அக்கா குறியாக இருந்தாள். புதுப் பைப்பாம், முதல் சத்தம் நல்ல நேரத்தில் வர வேண்டுமாம். தட்டில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் கொண்டுவந்து இந்த வாசலில்தான் நின்றாள். "சென்னியப்பா, ஆச்சா? சென்னியப்பா, இன்னும் எத்தன நேரம்?" நிமிடத்துக்கு ஒரு தடவை. மேல் வரிசை நட்டுகளை முறையாக முடுக்கிவிட்டேன். கீழ் வரிசையில் கடைசி இரண்டும் நாலாவது பைப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன, அங்கே சாதாரண ஸ்பேனர் நுழையாது, வளைந்த ஸ்பேனர் வேண்டும், அது பக்கத்து லேத்துக்காரரிடம் இரவலாகப் போயிருந்தது, அவர் கடை திறந்திருக்கவில்லை. கையாலேயே திருகி உட்கார வைத்தேன். எப்படியும் முதல் சூடு ஏறி இறங்கியதும் எல்லா நட்டையும் மறுபடி முடுக்க வேண்டும், அதுதான் முறை, அப்போது இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தப்பான நினைப்பு இல்லை. ராகு காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்டார்ட் பண்ணினோம். அப்பா, என்ன சத்தம். அடிவயிற்றில் வந்து உட்கார்ந்த சத்தம். மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கூட வந்திருந்த விசைத்தறிக்காரர்களிடம் என் தோளில் கை வைத்து, "நம்ம மாப்ள. படிச்ச இன்ஜினியரெல்லாம் இவன்கிட்ட வரணும்" என்றார். அக்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து "சும்மா ரிப்பேர் பாத்துட்டு இருக்கறான்" என்று மட்டுமே என்னைச் சொல்லி வந்த வாய். நான் போனை எடுத்து வீடியோ பிடித்தேன். இஞ்சின் ஆறுவதற்காகக் காத்திருக்க வேண்டிய நேரத்தில் அணைக்கவே இல்லை, மறுபடி மறுபடி முறுக்கிச் சத்தத்தைப் பிடித்தேன். பிறகு கோயிலுக்கு நேரமாயிற்று என்று எல்லோரும் ஏறிப் போய்விட்டார்கள். சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் மட்டும் நசுங்கிக் கிடந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். மறக்கவில்லை. அன்றைக்கே சாயங்காலம், தலையில் தண்ணீர் ஊற்றும்போது நினைவு வந்தது. சோப்பைக் கையில் பிடித்தபடி கொஞ்சம் நின்றேன். பிறகு தேய்க்க ஆரம்பித்துவிட்டேன்.

கூப்பிட்டு, வண்டியை ஒருதரம் கொண்டுவாங்க மச்சான், ரெண்டு நட்டு பாக்கி இருக்குது என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? ஆகாது. ஆனால் அந்த நேரத்தில் வீடியோவைப் பார்த்துவிட்டு ஆள் ஆளாகப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். படிச்ச இன்ஜினியரெல்லாம் வரணும் என்று சொன்னவரிடம் அன்று ராத்திரியே போய் எப்படிச் சொல்வது. நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு என்பது ஒவ்வொரு நாளும் வந்தது. நாலைந்து நாள் கழித்து ஆரோக்கியண்ணாதான் கூப்பிட்டார். "ஏனுங் தம்பி, வண்டி இழுவையே இல்லீங்களே. காலையில ஸ்டார்ட் பண்றப்ப டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் வருது, சூடானா நின்னு போகுது. பெட்ரோல் வாசம் வேற." எவ்வளவு சரியாகச் சொன்னார். பச்சையாகவே சொல்லிவிட்டார். குளிர்ந்திருக்கும்போது லூசான நட்டுப் பக்கம் இடுக்கு திறந்திருக்கும், இரும்பு சூடேறி விரிந்ததும் பாதி மூடிக்கொள்ளும், அதனால்தான் சத்தம் நிற்கிறது, பாதிதான் மூடும். எனக்கு அந்த நொடியே தெரிந்தது. நான் சொன்னது, "புதுப் பைப்புங்ணா, செட்டாகக் கொஞ்ச நாள் ஆகும். நீங்க ஆக்சிலேட்டர்ல கால அழுத்தாம ஓட்டுங்க." அவர் "செரிங் தம்பி" என்றார். அவர் காலைக் குறை சொன்னேன். ஊர் முழுக்கப் பூப்போல வண்டி ஓட்டுகிறார் என்று பேர் வாங்கிய காலை.

அப்புறம் மச்சான். அந்தப் பேச்சைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன், ஏதாவது ஒரு தடவையாவது வேறு மாதிரி முடியாதா என்று. "மாப்ள, வண்டி பெட்ரோலக் குடிக்குதே, கோளாறு ஏதாச்சும் இருக்குமா?" "வண்டியில ஒண்ணும் இல்லீங்க மச்சான்." யோசிக்காமல் வந்தது, அடிக்க வந்த கையைத் தடுக்க நம் கை எழும்புவது போல. மச்சான் கேட்டார், "அப்ப?" அவ்வளவுதான், ஒரே சொல். அப்ப. அந்தச் சொல்லுக்கு நான் பதில் சொல்லவில்லை. பொய்கூடச் சொல்லவில்லை, ஆரோக்கியண்ணா பேரை எடுக்கவே இல்லை, வாயை மூடிக்கொண்டிருந்தேன். மச்சானே நிரப்பிக்கொண்டார். "பங்க்குல போடறது ஒண்ணு, பில்லு வாங்கறது ஒண்ணா? அவனும் பங்க்குக்காரனும் கூட்டோ?" "எனக்கென்னங்க தெரியும்" என்றேன். எனக்கென்ன தெரியும். உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருவேளை அவர் எடுத்தும் இருக்கலாம் இல்லையா? நட்டும் லூசாக இருந்து, அவரும் எடுத்திருக்கலாம். இரண்டும் சேர்ந்து நடக்கக் கூடாது என்று சட்டமா. இந்த எண்ணம் வந்ததும் உடம்பில் ஒரு சுகம் பரவுகிறது, அந்தச் சுகத்தைக் கவனித்துவிட்டேன், கவனித்த பிறகும் அது போகவில்லை. எழுந்து போய் டிக்கியைத் திறக்கிறேன். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வெள்ளைக் கேன். மூடியைத் திருகுகிறேன். பெட்ரோல் வாசம் வர வேண்டும், வந்துவிடு, வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. மூக்கைக் கொண்டுபோய் இழுக்கிறேன். பிளாஸ்டிக் வாசம். இன்னொரு தடவை. தண்ணீர். "ரேடியேட்டருக்கு வெச்சிருக்கறதுங்க தம்பி," வெளியிலிருந்து குரல். பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "குடிக்கறதுக்குன்னா முன்னாடி பையில வேற பாட்டில் இருக்குது, எடுத்துக்குங்க." தாகத்துக்குத் திறந்தேன் என்று நினைத்துக்கொண்டார். போய் எடுக்கிறேன். குடிக்கிறேன். அவர் தண்ணீர்.

பாட்டிலைக் கொடுக்கப் போனவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். "ஆறுச்சுங்களா?" "இன்னும் இல்லீங்ணா." "மெதுவாப் பாருங்க, எனக்கொண்ணும் அவசரமில்லை. வீட்டுல போனா கோழிக்கறி ஆறிப் போயிருக்கும், அவ்வளவுதான்." சிரிக்கிறார். "சத்தம் மட்டும் சும்மா சொல்லக் கூடாதுங்க தம்பி. சோமனூர் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாக்குது. மொதலாளிக்கு ஒரே சந்தோசம். எனக்குத்தான் பின்னாடி லாரி வர்ற மாதிரியே இருக்குது, வழி உட்டு வழி உட்டு ஓரமாவே ஓட்டறேன்." நானும் சிரிக்கிறேன். இவ்வளவு சிரிப்பு எங்கிருந்து வருகிறது எனக்கு. "கோளாறு கெடைச்சுருமுங்களா?" என்று கேட்கிறார், சிரிப்பு அடங்கியபின், மரத்தைப் பார்த்துக்கொண்டு. "பாக்கறனுங்ணா." "கெடைச்சா நல்லாருக்கும். மொதலாளி இப்பவெல்லாம் மீட்டரப் பாத்துட்டே வர்றாருங்க. பேச்சே இல்லை." எவ்வளவு தெரியும் இவருக்கு? வண்டி உள்ளே கேட்கும் ஒரு டிக்கு டிக்கு சத்தத்தைப் பிடித்த காது, முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் மனுசனின் மௌனத்தைப் பிடிக்காமலா இருக்கும்.

சரி. ஆறியதும் கையை விடப்போகிறேன், நட்டு லூசாகத்தான் இருக்கும், வளைந்த ஸ்பேனர் இதோ மேஜை மேலேயே இருக்கிறது, லேத்துக்காரரிடம் நேற்றே திருப்பி வாங்கி வைத்துவிட்டேன், ஏன் நேற்றே வாங்கி வைத்தேன், அதை அப்புறம் யோசிக்கலாம், முடுக்கிவிடுகிறேன். யாருக்கும் தெரியாது. வண்டி சரியாகிவிடும். ஆரோக்கியண்ணாவிடம் சாவியை வாங்கிக்கொள்ளாமல், வண்டியை நல்லாப் பாத்துட்டேன் மச்சான், இனிமேல் மைலேஜ் குடுக்கும் என்று மட்டும் சொல்லிவிடலாம். மச்சான் கேட்பார், அப்ப அதுல கோளாறு இருந்துச்சா? இல்லை என்று ஏற்கெனவே சொன்ன வாய். இருந்தது என்றால் என்ன கோளாறு? இல்லை என்றால் சாவியை வாங்கு. சாவியை வாங்கிவிட்டேன் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு வேறு டிரைவர் வருவான். முடுக்கிய நட்டோடு வண்டி அவன் கையில் பழைய மைலேஜ் கொடுக்கும், பழைய இழுவை இழுக்கும். மச்சான் தொடையில் தட்டிச் சொல்வார், பார்த்தியா, ஆளை மாத்துனதும் பெட்ரோல் நின்னு பேசுது. நான் வண்டியைச் சரிசெய்வதே இவர் திருடன் என்பதற்குச் சாட்சியாகிவிடும். சரிசெய்யாமல் விட்டால்? புது டிரைவரிடமும் பெட்ரோல் குடிக்கும், கொஞ்ச நாளில் அவனும் திருடனாவான். முடுக்கினாலும் தப்பு, முடுக்காவிட்டாலும் தப்பு, வாயைத் திறக்காமல் செய்கிற எதுவும் தப்பு. எத்தனை வளைந்த ஸ்பேனர் இருந்தாலும் அந்த இடத்தில் நுழையாது.

ஆறிவிட்டது. தொடலாம். தொட முடிகிற பிறகும் கொஞ்ச நேரம் நிற்கிறேன், இன்னும் சூடாக இருந்திருக்கக் கூடாதா என்று. கையை விடுகிறேன். முதல் பைப், இரண்டாவது, மூன்றாவது, மேல் நட்டெல்லாம் கல். முழங்கையை மடக்கி நாலாவதுக்குப் பின்னால். கேஸ்கெட் ஓரத்தில் விரலுக்குப் புகைக்கரி ஒட்டுகிறது. கடைசி நட்டு. இரண்டு விரலால் பிடித்துத் திருப்புகிறேன். பாட்டில் மூடி போலச் சுற்றுகிறது. அதற்குப் பக்கத்தில் இருப்பதும். இந்த இடுக்கு வழியாகத்தான். புகை ஒவ்வொரு தடவையும் அடித்துப் போகும்போது வெளியே கசியும், இரண்டு அடிக்கு நடுவில் கண் சிமிட்டும் நேரம் பைப் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும். கீழே இருக்கிற சென்சாருக்கு அது வெளிக்காற்று என்று தெரியாது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அது கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் நம்பி, இன்னும் பெட்ரோல் ஊற்றும். யாரும் பெட்ரோலை எடுத்துப் போகவில்லை. கொஞ்சம் தவறான சேதி போனது, கேட்டவர் நம்பினார், அவ்வளவுதான். கையை வெளியே எடுக்கிறேன். ஸ்பேனரை எடுக்கவில்லை.

"ஆரோக்கியண்ணா, கொஞ்சம் இங்க வாங்க." வருகிறார், சட்டைக் கையை மடித்துக்கொண்டே, ஏதாவது பிடிக்கச் சொல்வேன் என்று. "கைய உள்ள விடுங்க. நாலாவது பைப்புக்கு அடியில. நட்டு தட்டுப்படுதுங்களா?" "படுதுங்க." "திருப்பிப் பாருங்க." திருப்புகிறார். முகம் என் பக்கம் திரும்புகிறது. "கையிலயே சுத்துதுங்களே தம்பி. ஓட்டத்துல கழண்டு போச்சுங்களா?" எனக்கு ஒரு வாசலைத் திறந்து வைக்கிறார், அவரே. ஆமாங்ணா என்றால் போதும், மேடு பள்ளத்தில் கழன்றது, யார் மேலும் தப்பில்லை, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். "இல்லீங்ணா. நான் முடுக்கவே இல்லை. அன்னிக்கு அவசரத்துல கையால திருகி உட்டேன். சாயங்காலமே ஞாபகம் வந்துச்சு, சொல்லாம இருந்துட்டேன்." அவர் கையை வெளியே எடுத்தார். விரலில் ஒட்டிய கரியைப் பார்த்தார். "நான் போன்ல சொன்னனுங்களே" என்றார். "சொன்னீங்க." "டிக்கு டிக்குன்னு வருதுன்னு சொன்னனுங்களே." "சொன்னீங்ணா. எனக்கு அப்பவே தெரியும்." திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. சட்டை முனையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் முன்னாலேயே மச்சானைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன். சொன்னேன். நட்டு, வெள்ளிக்கிழமை, போனில் சொன்ன பொய், எல்லாம் கலந்து கலந்து வந்தது. மச்சான் கேட்டுக்கொண்டிருந்தார். "அட, அவ்வளவுதானா?" என்றார். "செரி, முடுக்கி உட்டுரு." "ஆரோக்கியண்ணா மேல தப்பே இல்லீங்க மச்சான்." "அது செரி மாப்ள. ஆனா நான் நேத்தே வேற ஆளுக்குச் சொல்லிப்போட்டேன், நாளைக்கு வர்றான். ஒருக்கா மனசுல சந்தேகம் வந்துட்டா அப்பறம் அவன் பின்னாடி உக்காந்து போறது நல்லாருக்காது. நீ சாவிய வாங்கிரு." "மச்சான்" என்றேன். போன் வைத்த சத்தம் கேட்டது. அப்படியென்றால் இன்றைக்கு வண்டியைப் பார்க்கச் சொன்னது சும்மா. எப்போதோ நான் சொன்ன அந்த ஒரு வரியே அவருக்குப் போதுமாக இருந்திருக்கிறது, இன்றைக்கு நான் சொன்ன இத்தனையும் அதை அசைக்கவில்லை. ஆரோக்கியண்ணாவைப் பார்க்கத் தலை நிமிரவில்லை. சாவி மேஜை மேல் வைக்கப்படும் சத்தம் மட்டும் கேட்டது, மெதுவாக, தூங்குகிறவரை எழுப்பாமல் வைப்பது போல.

"தம்பி," என்றார். "வேல போறது போகட்டும். லாரி இருக்குது, மில்லு பஸ்ஸு இருக்குது, ஓட்டத் தெரிஞ்சவனுக்கு என்ன. நீங்க எனக்கு ஒண்ணு பண்ணுங்க." "சொல்லுங்ணா." அவர் தன் போனை எடுத்து எண்ணைத் தேடினார், கரி விரலில் திரை நகரவில்லை, பேண்டில் துடைத்துவிட்டு மறுபடி தேடினார். "என்ற சம்சாரம். மொதலாளி பில்லெல்லாம் கேட்டது எப்படியோ அவ காதுக்குப் போயிருச்சு. ஊரு பேசுனாப் பேசிட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன். அவளும் கேட்டுப்போட்டா தம்பி, எடுத்தியான்னு. இல்லைன்னேன். செரின்னு சொன்னா. சொன்னாளே ஒழிய, அப்பறம் சோறு போடறப்ப மூஞ்சியப் பாக்கறதில்லை." அழைப்பு போய்க்கொண்டிருந்த போனை என் கையில் வைத்தார். "இப்ப என்கிட்ட சொன்னத அவகிட்டச் சொல்லிருங்க." ஒருதரம் அடித்தது. இன்னொருதரம். எடுத்தார்கள். "சொல்லுங்க, வந்துட்டிருக்கீங்களா?" என்றது குரல். "அம்மா, நான் அவரில்லீங்க. பட்டறையிலிருந்து சென்னியப்பன் பேசறனுங்க. மொதலாளி வண்டிக்குப் பைப்பு மாத்துனது நான்தானுங்க." அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம். தண்ணீர் நின்றது. "சொல்லுங்க" என்றார். சொன்னேன். ரெண்டு நட்டு முடுக்காமல் விட்டேன் என்று சொன்னதும், "நட்டுன்னா என்னங்க?" என்று கேட்டார். ஆரோக்கியண்ணா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நட்டு என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.